ஏழாம் குளத்துக்குப் பத்து நாள்

உப்பு இல்லை, மிளகு இல்லை.
காகிதப் பையில் ஒரு வால்துண்டு,
மைக்ரோவேவில் இரண்டு நிமிடம்.
பையைப் பிரித்ததும் முதலில் மூக்கு,
பிறகுதான் நாக்கு.

பத்தொன்பது வருடமாக மிசிசிப்பியில்
இந்த மீன் ஆலையின் வாசலறையில் என் வேலை இதுதான்:
லாரி உள்ளே வரலாமா, திரும்பிப் போகட்டுமா என்று
ஒரு வாய் கெளுத்தி மென்று சொல்வது.
விழுங்குவதில்லை.
துப்பிவிட்டு, ஒரு மடக்கு ஆப்பிள் சாறு,
அடுத்த பை.

முதல் மழையில் புழுதி கிளப்பும் மணத்துக்கு
வாசலில் வந்து நிற்கிற ஊர்கள் உண்டு.
இங்கே மண்வாசனை என்றால் நிராகரிப்பு.
அதே வாசனைதான்,
மீனின் கொழுப்பில் ஏறிவிட்டால்
எந்தத் தட்டிலும் இடம் கிடையாது.

ஹாலிஸ் ட்ரூட் இம்முறை ஆறு பைகளோடு வந்தார்.
பெயர் இல்லை, எண் மட்டும்.
"தீனியை மாற்றியிருக்கிறேன், வெர்லீன்.
எதில் என்ன என்று சொல்லமாட்டேன்."
சொல்லாமலும் இருக்க முடியவில்லை அவரால்.
பெரு நாட்டுக் கடலில் நெத்திலி குறைந்தால்
மீன்தூள் மூட்டை இங்கே எட்டாத உயரத்தில்.
அதனால் சோயாப் புண்ணாக்கு.
சோயாவும் ஏறிக்கொண்டால்
பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு.
கொட்டைக்குள் மஞ்சளாய் ஒரு நஞ்சு இருக்கிறதாம்,
கை மீறிப் போட்டால் மீன் தேறாதாம்;
லைசின் குறையுமாம், தனியே வாங்கிக் கலக்கவேண்டுமாம்.
கணக்குப் போட்ட தாளை நாலாய் மடித்து
சட்டைப்பையில், நெஞ்சோடு வைத்திருந்தார்.

பருத்தி.
அவர் அந்தச் சொல்லை விட்டிருக்கக் கூடாது.
கண்ணைக் கட்டிய சோதனையில்
கட்டு அவிழ்ந்த மாதிரி ஆயிற்று.
கரை போட்டு நீர் விடுகிறவரை
இந்தக் குளமெல்லாம் பருத்தி வயல்.
என் ஆட்கள் அதில் குனிந்தே இருந்தார்கள்,
கூலி பவுண்டுக்கு இவ்வளவு,
தராசு அவர்களுடையது இல்லை.
வெள்ளையை ஆலை எடுத்தது.
கொட்டை யாருக்குப் போயிற்று என்று
யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒன்று: ஒன்றுமில்லை.
இரண்டு: சோளத்தின் மெல்லிய இனிப்பு, அது எப்போதும் உள்ளது.
மூன்று, நான்கு:
அவித்த முட்டையின் வெள்ளைக்கரு போல
எதையும் நினைவு வைத்துக்கொள்ளாத சதை.
ஐந்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.
எது கடலைத் தின்றது, எது வயலைத் தின்றது?
தேடித் தேடி நாக்கு களைத்ததுதான் மிச்சம்.
"பிரித்துச் சொல்ல முடியவில்லை" என்றேன்.
தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துச் சிரித்தார் ஹாலிஸ்.
எனக்கு ஏனோ
பரீட்சையில் தோற்ற மாதிரி இருந்தது.

ஆறு.
பையைப் பிரிக்கும்போதே தெரிந்துவிட்டது.
"எந்தக் குளம்?"
"ஏழு." முகம் விழுந்துவிட்டது அவருக்கு.
"பருத்தியா?"
"பருத்தி இல்லை, பாசி.
பத்து நாள் போகட்டும். பிறகு கொண்டுவாருங்கள்."
பத்து நாளும் அவை தின்னும்.
பத்து நாளும் வங்கி தூங்காது.
அதைச் சொல்ல வாயெடுத்தவர்
சொல்லவில்லை.
போன வருடம் இதே நாற்காலியில்
அவருடைய மைத்துனருக்கும் இதையேதான் சொன்னேன்.

அவர் கையெழுத்துப் போடப் போனபோது
வண்டியின் பின்தட்டில் சிந்திக் கிடந்த தீனியில்
ஒரு உருண்டையை எடுத்து
வாயில் போட்டுக்கொண்டேன்.
முதலில் தூசி.
பிறகு வறுத்த பயறு.
கடைசியில், அடிநாக்கில், நேரம் கழித்து வந்தது
ஒரு கசப்பு.
என் தாளில் மண்ணுக்குக் கட்டம் உண்டு,
பாசிக்கு, டீசலுக்கு, அழுகலுக்கு உண்டு.
இதற்கு இல்லை.

துப்பவில்லை.
வெளியே அடுத்த லாரி
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.